ஆறாம் எண் தோட்டத்து மண்

அன்புள்ள மகனுக்கு,

நம் தோட்டத்து மண்தான் இந்த மலைச்சரிவிலேயே முதல் தரம் என்று நீ சொன்னதாக இங்கே எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். பேருந்து நிறுத்தத்தில் பேசுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போது பேசுகிறார்கள், ரேஷன் கடை வரிசையில் என்னை முன்னால் விட்டுவிட்டுப் பேசுகிறார்கள். அது உண்மையில்லை. நீ அப்படி ஒன்றும் சொல்லவில்லை. பதின்மூன்று தோட்டங்களின் மண் எப்படி இருக்கிறதென்று தாளில் எழுதிக் கொடுத்தாய். பதினான்கில் மீதியான என் தோட்டத்துக்கு மட்டும் தாள் வரவில்லை. தாள் வராததற்கு இவர்கள் தங்களுக்குப் பிடித்த காரணத்தை வைத்துக்கொண்டார்கள். என்னைப் பற்றிக் கெடுதலாக யாராவது தவறாகச் சொன்னால் அங்கேயே நிறுத்தித் திருத்துகிறவள் நான் என்று உனக்குத் தெரியும். நல்லதாகத் தவறாகச் சொன்னாலும் திருத்தத்தானே வேண்டும். அதுவும், ஈஸ்டர் முடிந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து நின்று, தோட்டத்தை எப்படி வைத்துக்கொள்கிறேன் என்று எல்லோருக்கும் சொல்லவேண்டுமாம். கேட்டுவிட்டுப் போய் அவர்களும் அதேபோலச் செய்யப்போகிறார்கள். ஆகவே இது என் பெருமையோடு முடிகிற விஷயமாக இல்லை.

எங்கள் கான்வென்டில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்த சிஸ்டர், ஒரு கடிதம் தவறிப்போய் வேறு யார் கையில் கிடைத்தாலும் அவர்களுக்கும் விஷயம் முழுதாக விளங்கவேண்டும் என்பார். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். பொறுமையாகப் படி. இதில் பெரும்பாலும் நன்றிதான் இருக்கிறது. கேட்கப்போவது ஒன்றே ஒன்று.

சென்ற மழைக்காலத்துக்கு முன்னால் நம் காப்பி விவசாயிகள் சங்கம், குடகில் மண் ஆய்வு செய்கிற உன்னைக் கூப்பிட்டது. உரத்தையும் மருந்தையும் வருடா வருடம் கூட்டிக்கொண்டே போகாமல், மண்ணுக்கு மறுபடி உயிர் கொடுத்து அதிலே காப்பி வளர்க்கிற முறைக்கு மாறலாம், ஆனால் அதற்கு முன் ஒவ்வொருவர் மண்ணும் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கிறதென்று பார்த்தாகவேண்டும் என்று நீ சொன்னாய். சங்கச் செயலாளர் ஆறுமுகம் ஒவ்வொரு தோட்டத்துக்கும் ஒரு எண் போட்டார். நமக்கு ஆறு. நமக்குக் கீழே ஓடையை ஒட்டி ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் பழனியம்மாளுக்கு ஏழு. ஆளுக்கு ஒரு கிலோ மண் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். நான் அனுப்பினது உனக்கு மறந்திருக்காது. தோண்டின மண்ணை மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலித்தேன். வேர், சருகு, பூச்சி எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்தேன். நெளிந்துகொண்டிருந்த இரண்டு புழுக்களைக் குச்சியால் எடுத்து வேலிக்கு அப்பால் போட்டேன். களத்தில் வெயிலில் உலர்த்தி, துவைத்த வெள்ளைப் பையில் போட்டு, பெயரை நீல மையில் எழுதி அனுப்பினேன். நம் வீட்டிலிருந்து ஒரு பொருள் வெளியே போகிறதென்றால் அழுக்காகப் போகக்கூடாது என்பதுதான் என் எண்ணம். ஒரு வாரம் கழித்து நீ தொலைபேசியில், "ஏனுங்கம்மா, மண்ணு அனுப்பச் சொன்னா மாவு அனுப்பியிருக்கறீங்க" என்றாய். சலிப்பது உங்கள் பரிசோதனைக்கூடத்து வேலை என்றும், நான் பொறுக்கி எறிந்ததைத்தான் நீ பார்க்கவேண்டியிருந்தது என்றும் சொன்னாய். நான் கொஞ்சம் கோபப்பட்டேன். ஆனால் அந்தத் தவறால்தான் நீயே நேரில் வந்தாய். அதற்காக அந்தச் சல்லடைக்கு நன்றி.

ஐப்பசி மழைக்கு நடுவே மூன்று நாள் நீ இங்கே இருந்தாய். உன்னை வேலை செய்யும்போது நான் அதுவரை பார்த்ததில்லை. தோட்டத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து, நடந்த இடத்திலெல்லாம் முழங்காலிட்டுத் தோண்டினாய். தோண்டின மண்ணை உள்ளங்கையில் வைத்து நசுக்கினாய், முகர்ந்தாய், கண்ணாடிப் பாத்திரத்துத் தண்ணீரில் ஒரு கட்டியைப் போட்டு அது நிற்கிறதா கரைகிறதா என்று பார்த்தாய். ஒரு இரும்பு வளையத்தைத் தரையில் அடித்து இறக்கி, அதற்குள் தண்ணீர் ஊற்றிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நான் காப்பி கொண்டுவந்தபோது தண்ணீர் அப்படியே நின்றது. நம் மண் ஒரு சொட்டைக்கூட வீணாக்காமல் பிடித்து வைத்திருக்கிறது பார் என்று பெருமையாகச் சொன்னேன். நீ தலையை நிமிர்த்தாமல், "ஆமாங்கம்மா" என்றாய். தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் நின்றது என்பது இப்போதுதான் எனக்குப் புரிகிறது. எழுபத்தாறு வயதுக்காரி முன்னால் நீ அன்றைக்குக் காட்டின பொறுமையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. கடைசி நாள் எல்லாத் தோட்டத்திலும் ஒரு சாண் ஆழத்தில் ஒரு பருத்தித் துணியைப் புதைத்தாய். உயிருள்ள மண் இரண்டு மாதத்தில் துணியைத் தின்றுவிடும், உயிரில்லாத மண் அப்படியே திருப்பிக் கொடுக்கும் என்று கூட்டத்தில் விளக்கினாயாம். அந்தக் கூட்டத்துக்கு நானும் போகவில்லை, பழனியம்மாளும் போகவில்லை. எனக்குக் கண் ஆஸ்பத்திரி. அவளுக்குக் காரமடைப் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை. நீ கொடுத்த துணியின் ஓரம் பிரிந்திருந்ததால், புதைக்கும் முன் அதை வாங்கி மடித்துத் தைத்துக் கொடுத்தேன். நீ சிரிக்கவில்லை. நன்றாக இருக்கிறது என்றாய்.

நம் மண் ஏன் அப்படி ஆயிற்று என்று உனக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதை உனக்கு யாரும் சொன்னதில்லை. உன் அப்பாவின் அப்பா மேலே ஒரு எஸ்டேட்டில் கூலிக்காரராக இருந்தார். அவர் களையெடுக்கிற நிரையில் ஒரு புல் தலை தெரிந்தால் அன்றைக்கு அரைக்கூலிதான். அந்த மனிதரின் மகன் வாத்தியாராகி, நான்கு ஏக்கர் காப்பி வாங்கி, கோயம்புத்தூரில் கான்வென்டில் படித்த மில் மேஸ்திரி மகளைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தபோது, கூலிக்காரன் வீட்டுத் தோட்டம் எந்த லட்சணத்தில் இருக்கும் என்று பார்க்கலாம் என்று ஒருவர் என் காதுபடச் சொன்னார். அன்றிலிருந்து நான் இந்தத் தோட்டத்தில் ஒரு களை தலைகாட்ட விட்டதில்லை. மண்வெட்டியால் மேல்மண்ணைச் சுரண்டவைத்தேன். பலா இலையும் சில்வர் ஓக் சருகும் விழுந்தால் கூட்டி அள்ளி எரிக்கவைத்தேன். கடந்த பத்து வருடமாகச் சுரண்ட ஆள் கிடைக்காதபோது களைக்கொல்லி அடித்தேன். மேலே இருந்து பார்த்தால் நம் தோட்டம் மட்டும் சிவப்புச் சிமெண்டுத் தரைபோலத் தெரியும். அந்தப் பேச்சுப் பேசினவரே பிற்காலத்தில் தன் மருமகளை அழைத்து வந்து, தோட்டம் என்றால் இப்படி இருக்கவேண்டும் என்று காட்டினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறைக்கப்போவதில்லை. ஆனால் அதே காலத்தில் நான் பழனியம்மாளைக் குப்பைக்காரி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் தோட்டத்தில் இலை விழுந்தது விழுந்தபடி கிடக்கும். வெட்டின வாழைத்தண்டு, காப்பிப் பழத்தோல், அரிவாளால் தலையை மட்டும் சீவிவிட்ட களை, எல்லாம் செடியடியிலேயே மட்கும். ஒருவர் எனக்குச் செய்ததை நான் அப்படியே எடுத்து இன்னொருத்திக்குச் செய்தேன், கண்ணு. இதை நான் பங்குச்சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. உனக்கும் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

உன் அப்பா எனக்குச் சொல்லிப் பார்க்காமல் இல்லை. அவர் சொல்கிற விதம் உனக்குத் தெரியும், வாயைத் திறக்கமாட்டார். ஒரு கனத்த மழை ஓய்ந்த காலையில் நம் வாய்க்காலில் ஓடின தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரிலும், பழனியம்மாள் தோட்டத்திலிருந்து வடிந்த தண்ணீரை இன்னொரு டம்ளரிலும் பிடித்துச் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு முன்னால் வைத்தார். ஒன்று கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருந்தது. மற்றது ஏறக்குறையத் தெளிவு. குடிக்கிற டம்ளரில் சாக்கடைத் தண்ணீரைப் பிடிக்கிற மனிதரோடு குடும்பம் நடத்துகிறேனே என்று சத்தம் போட்டுவிட்டு, இரண்டையும் கொட்டி, சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவி அலமாரியில் வைத்தேன். அவர் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிவிட்டார். அவர் காலமாகி ஆறு வருடமாயிற்று. அந்தப் பழுப்பு டம்ளரில் இருந்தது நாம் நடவு செய்கிற மேல்மண் என்று அவர் சொல்ல அன்றைக்கு நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், உனக்கு இந்தச் சங்கடம் வந்திருக்காது. சொல்ல வந்தவரைச் சொல்லவிடாத வீடு நான் நடத்தினது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு இத்தனை காலம் ஆனது.

டிசம்பரில் எனக்குக் கண்புரை எடுத்து, கிணத்துக்கடவில் உன் சின்னம்மா வீட்டில் இருந்தேன். அந்த வாரத்தில் நீ இங்கே வந்து புதைத்த துணிகளையெல்லாம் எடுத்தாய். நான் திரும்பி வந்து நம் துணி எங்கே என்று கேட்டபோது, "அத எலி இழுத்துட்டுப் போயிருச்சாட்ட இருக்குதுங்கம்மா" என்றாய். புதுக் கண்ணோடு நான் போய்ப் பார்த்தேன். எலி குழியை மூடி, மண்ணைத் தட்டிச் சமன் செய்து, அடையாளக் குச்சியையும் நேராக நட்டுவிட்டுப் போயிருந்தது. மாசியில் சங்கத்துக்குத் தாள்கள் வந்தன. ஐந்துக்கு அடுத்து ஏழு. கேட்டதற்கு, "உங்களுது நல்லாத்தான் இருக்குதுங்கம்மா, அப்பறம் அனுப்பறனுங்க" என்றாய். ஆறாம் எண்ணைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறார்கள் என்றால் அது மேலதிகாரிகளுக்குக் காட்டுவதற்காகத்தான் இருக்கும் என்று ஆறுமுகம் முடிவு செய்தார். ஊரில் இன்றைக்கு ஓடுகிற பேச்சு அவர் வாயில் பிறந்ததுதான். அவர் பேரில் எனக்குக் கோபமில்லை. என்னிடத்தில் வேறு எதை எதிர்பார்ப்பார்?

உன் பேரிலும் எனக்குக் கோபமில்லை என்பதை நீ நம்பவேண்டும். அதற்குத்தான் இதை எழுதுகிறேன். அப்பா போன பிறகு அவருடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது உன் ராங்க் கார்டுகள் நான்கு கிடைத்தன. நான் பார்த்தே இராத நான்கு. எல்லாவற்றிலும் கணக்கில் சிவப்புக் கோடு, எல்லாவற்றிலும் அவர் கையெழுத்து. ஒன்பதாம் வகுப்பு அரையாண்டில் நீ கணக்கில் முப்பத்தொன்று வாங்கி வந்தது நினைவுக்கு வந்தது. நான் அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தக் கார்டைக் கையெழுத்துப் போடாமல் மேசையிலேயே மூன்று நாள் வைத்திருந்தேன். தட்டில் சோறு போட்டேன், பேசவில்லை. அது நல்ல கண்டிப்பு என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ குறைந்த மதிப்பெண் வாங்கவே இல்லை என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீ வாங்கியிருக்கிறாய், என்னிடம் காட்டவில்லை, அவ்வளவுதான். குறைந்த மதிப்பெண்ணை அம்மா கண்ணில் காட்டக்கூடாது என்று பதினான்கு வயதில் நான்தான் உனக்குப் படிப்பித்தேன். நாற்பத்திரண்டு வயதில் என் மதிப்பெண்ணையே என்னிடம் காட்டாமல் மறைக்கிறாய் என்றால், பாடம் நன்றாகப் பதிந்திருக்கிறது. உன் அப்பாவும் நீயுமாகச் சேர்ந்து என்னை என்னிடமிருந்தே காப்பாற்றி வந்திருக்கிறீர்கள். அதற்கு எப்படி நன்றி சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் இனிமேல் அது வேண்டாம்.

ஏனென்றால் எனக்கு ஏற்கனவே தெரியும். ஜனவரியில் ஒரு பழைய தலையணை உறையை இரண்டாக வெட்டினேன். இரண்டுக்கும் ஓரம் தைத்தேன். ஒன்றை நம் தோட்டத்தில் நீ புதைத்த அதே இடத்திலும், மற்றதைப் பழனியம்மாளிடம் கேட்டு அவள் தோட்டத்திலும் ஒரே ஆழத்தில் புதைத்தேன். மழை இல்லாத மாதங்களானதால் வாரம் இரண்டு முறை இரண்டு இடத்துக்கும் ஒரே குடத்தில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றினேன். ஒரு பக்கம் சலுகை காட்டினேன் என்று யாரும் சொல்லக்கூடாது, நான்கூட. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் ஓடைக்கு இறங்குவதைப் பார்த்து, "ஏனுங்க வாத்தியாரூட்டம்மா, என்ற காட்டுல என்ன தங்கமா பொதச்சு வெச்சிருக்கறீங்க" என்று பழனியம்மாள் ஒவ்வொரு முறையும் கேட்டாள். சென்ற வாரம் இருவருமாகத் தோண்டினோம். காப்பி காயவைக்கிற களத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். என்னுடையது முழுத் துணி. நான் போட்ட தையல்கூட விடவில்லை. துவைத்தால் மறுபடி தலையணைக்கு மாட்டலாம். அவளுடையதை விரிப்பதற்கு ஒன்றுமில்லை. நடுப்பாகம் கையோடு வந்துவிட்டது, மிச்சத்தில் வெள்ளை வேர்கள் ஊடுருவியிருந்தன, ஒரு மண்புழு அதற்குள்ளேயே சுருண்டிருந்தது.

பழனியம்மாளுக்கு வெட்கமாகிவிட்டது. தன் துணியைச் சட்டென்று சுருட்டி முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "பாத்தீங்களா, துணியக்கூட உடாமத் தின்னுபோட்டுது என்ற மண்ணு. உங்களுது வெச்சது வெச்சபடி குடுத்திருக்குது பாருங்க" என்றாள். அதோடு நிற்கவில்லை. சித்திரையில் ஒரு மழை பெய்ததும் தானும் ஆள் விட்டு மேல்மண்ணைச் சுரண்டப்போவதாகவும், களைக்கொல்லிக்கும் சொல்லிவைத்தாயிற்று என்றும், சருகையெல்லாம் ஒரு மூலையில் குவித்துக் கொளுத்திவிட்டால் தன் காடும் பார்க்க மனிதர் காடுபோல இருக்கும் என்றும் சொன்னாள். நான் அவளை உட்காரவைத்து, தெரிந்த அளவுக்குச் சொன்னேன். துணியைத் தின்றதுதான் நல்ல மண் என்றேன். நான் நாற்பது வருடத்தில் கெடுத்ததை அவள் ஒரு கோடையில் கெடுக்கப் பார்க்கிறாள் என்றேன். இத்தனை காலம் எப்படி இவ்வளவு நன்றாக வைத்திருந்தாய் என்றும் கேட்டேன். "எங்கீங்க வெச்சேன். ஊரூராக் கூலிக்குப் போறவளுக்கு ஏதுங்க நேரம்? அப்படியே உட்டுப்போட்டேன்" என்றாள். பிறகு அவளே தொடர்ந்தாள்.

"அப்ப என்ற மண்ணுக்கு நல்ல பசி, உங்க மண்ணுக்குப் பசியே இல்லீங்கறீங்க."

ஆமாம் என்றேன்.

"முப்பது வருசமா என்னையக் குப்பக்காரின்னு சொன்ன வாயிங்க அது. இப்பக் குப்பையக் கூட்டாதேன்னா எப்படீங்க நம்பறது? நீங்க சுத்தபத்தமா இருப்பீங்க, நாங்க மட்டும் குப்பையிலயே கெடக்கோணும். அப்படித்தானுங்களே?"

அவள் சண்டைக்குச் சொல்லவில்லை. துணியை முந்தானையிலிருந்து எடுத்து மறுபடி விரித்துப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எழுந்து போகும்போது திரும்பி நின்று, "உங்க பையன் எழுதிக் குடுக்கட்டுமுங்க. சொந்த அம்மாளுக்கு எதுக்க ஒருத்தரு எழுதிக் குடுத்தாருன்னா அது நெசமாத்தான் இருக்கோணும்" என்றாள். நான் இத்தனை வருடம் படித்தவள் என்ற பெயரோடு இந்த மலையில் வாழ்ந்திருக்கிறேன். எனக்குத் தோன்றாத அளவு சரியான யோசனை அது.

மற்றப் பன்னிரண்டு பேரும், கூட்டத்தில் உன் விளக்கத்தைக் கேட்டும், இப்படித்தான். அவரவர் தாளில் அவரவர் எண்கள் இருக்கின்றன. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவுமில்லாமல் அவர்களுக்கு அது விளங்கவில்லை. விளங்குவதெல்லாம், வாத்தியார் வீட்டுத் தோட்டம் முதல் தரம், அது சுரண்டின தோட்டம் என்பது மட்டும். உன் தாள்களைப் பெட்டியில் வைத்துவிட்டு என் தோட்டத்தைப் பார்த்து நடக்கப்போகிறார்கள். நீ மூன்று நாள் முழங்காலில் நடந்து பார்த்த வேலை முழுதும், என் மனம் நோகக்கூடாதென்று நீ வைத்துக்கொண்ட ஒரு தாளால் வீணாகிவிடும். உன் அன்பை நான் குறை சொல்லவில்லை. யாருக்காவது குறைந்த மதிப்பெண் இருந்தால், அவர்கள் அதைத் திருத்திக்கொள்ள இன்னும் நேரம் இருக்கும்போதே கையில் கொடுத்துவிடு என்றுதான் சொல்கிறேன். நேரம் கடந்தபின் கொடுப்பதுதான் கொடுமை. எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ மண் படிப்புப் படிக்கப்போகிறேன் என்றபோது நான் ஒரு வாரம் அழுதேன். எஞ்சினியரிங் இடம் கிடைத்தும், கூலிக்காரர் பேரன் மறுபடி மண்ணைத் தோண்டப் போகிறானே என்று அழுதேன். கோவிலில் யாராவது உன்னைப் பற்றிக் கேட்டால், லேபரட்டரியில் இருக்கிறான் என்று சொல்வேன். எதன் லேபரட்டரி என்று சொல்லமாட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை புதுப் பங்குச்சாமியார் கேட்டார். என் மகன் குடகில் காப்பித் தோட்டங்களின் மண்ணைப் பார்த்து, அது உயிரோடு இருக்கிறதா என்று சொல்கிறவன் என்றேன். உன் தாத்தா ஒரு புல்லுக்காக அரைக்கூலி இழந்த மலையில், அந்தப் புல் நிலத்துக்கு நல்லது என்று எடுத்துச் சொல்ல அவர் பேரன் வந்திருக்கிறான். என் பேச்சைக் கேட்காமல் போனதற்கு உனக்கு நன்றி.

நம் தோட்டத்தில் நான் கூட்டுவதை நிறுத்தி எட்டு நாளாகிறது. எளிதாக இல்லை. காலையில் எழுந்ததும் கை விளக்குமாற்றைத் தேடுகிறது. பலா இலைகள் வழியெல்லாம் கிடக்கின்றன. யாராவது வருகிறார்கள் என்றால் எனக்குக் கூசுகிறது. நேற்று ஆறுமுகம் வந்தவர் சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏனுங்கம்மா, உடம்புக்குச் சொகமில்லீங்களா" என்று கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன், சருகு அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை, பழனியம்மாளை அனுப்பிச் சோறு ஆக்கித் தரச் சொல்லட்டுமா என்றார்.

இப்போது கேட்கவேண்டியதைக் கேட்கிறேன். ஆறாம் எண் தோட்டத்தின் தாளை எனக்கு அனுப்பு. மண்ணின் புளிப்பு எவ்வளவு, மட்கு எவ்வளவு, தண்ணீர் இறங்க எத்தனை நிமிடம் ஆனது, ஒரு மண்வெட்டி மண்ணில் எத்தனை புழு இருந்தது, டிசம்பரில் எடுத்த துணி எந்த நிலையில் இருந்தது, எல்லாவற்றையும் எழுது. அதன் பக்கத்திலேயே ஏழாம் எண்ணுடையதையும் எழுது; பழனியம்மாளிடம் கேட்டுவிட்டேன், சரியென்றாள். கடைசியாக, எது நல்ல மண், எது கெட்ட மண், சுரண்டலாமா கூடாதா என்று யாருக்கும் விளங்கும்படி தமிழில் ஒரு பத்தி எழுதிக் கையெழுத்துப் போடு. பதின்மூன்றாம் இடமா பதினான்காம் இடமா என்பதையும் விட்டுவிடாதே. கூட்டத்தில் நானே எழுந்து வாசிப்பேன். உன்னை அங்கே வந்து நிற்கச் சொல்லமாட்டேன். தொலைபேசியில் கூப்பிடாதே. என் குரலைக் கேட்டால் நீ பாதியைக் குறைத்துவிடுவாய்.

கோவையிலிருந்து தபால் இங்கே ஏறி வர மூன்று நாள் ஆகிறது, குடகிலிருந்து இன்னும் கூடும். ஆகவே இதைப் படித்த அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுது.

அன்புடன்,
உன் அம்மா